ஒலிக்குப் பரம்பரை உண்டா?

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

மின் கிட்டார் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காதைப் பிளக்கும் இரைச்சல்தான். ஆனால் பாடகர் ஒருவரும் இல்லாமல், பாட்டில் சொல் ஒன்றும் இல்லாமல், கிட்டாரின் குரலையே பாட்டாக்கி உலகைக் கேட்க வைத்த குழுக்கள் சில உண்டு. 1958 முதல் 1963 வரையிலான ஆண்டுகள் அவற்றின் பொற்காலம். இங்கிலாந்தில் ‘ஷேடோஸ்’, அமெரிக்காவில் ‘வென்ச்சர்ஸ்’, டுவேன் எடி, டிக் டேல் என்று பெயர்கள் நீளும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்றும் அந்தப் பழைய ஒலியை அப்படியே மீண்டும் எழுப்பிவிட வேண்டும் என்று முயல்வோர் பல நாடுகளில் இருக்கின்றனர். அந்த முயற்சியைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அதை இந்த ஆண்டு மலரின் வழியாக நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அந்த ஒலியை எழுப்புவது எப்படி என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. “அது பிறவியிலேயே வர வேண்டும், ரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும்” என்பது ஒன்று. “பணம் வேண்டும், அந்தக் காலத்துக் கருவியே வேண்டும்” என்பது மற்றொன்று. சென்ற ஆண்டு நகரத்து இசைக்கருவிக் கடை ஒன்றில் கிட்டார் கம்பியின் தடிமனைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரர் கம்பியை எடுக்கவில்லை. “உங்க வீட்டுல யாராவது வாசிப்பாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப கஷ்டம் தம்பி. இதெல்லாம் வழிவழியா வரணும்” என்றார்.

என் தந்தை மூட்டை தூக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. “அப்பா என்ன படித்திருக்கிறார்?” என்று பல இடங்களில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்களில் பலர் நல்லவர்களே. ஆனால் இரண்டு கேள்விகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும் கருத்து ஒன்றுதான்: அறிவும் கலையும் குலவித்தை, வீட்டில் இல்லாதவனுக்கு அவை வாய்க்கா. இக்கருத்து சரிதானா என்று சோதித்துப் பார்க்க ஷேடோஸ் குழுவின் கிட்டார் ஒலியை விட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஒலி எது?

1960ஆம் ஆண்டு ஜூன் மாதம், லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் அபே சாலை ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு இளைஞர்கள் ‘அப்பாச்சி’ என்ற மெட்டைப் பதிவு செய்தனர். மெட்டை அமைத்தவர் ஜெர்ரி லார்டன். முதன்மைக் கிட்டார் ஹாங்க் மார்வின். துணைக் கிட்டார் புரூஸ் வெல்ச். அடிநாதக் கிட்டார் ஜெட் ஹாரிஸ். தாளம் டோனி மீஹன். நால்வரில் எவருக்கும் அன்று இருபத்தொரு வயது நிறையவில்லை. ஆகஸ்டு மாதத்தில் அந்த ரிக்கார்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. பின்னர் ‘கோன்-டிக்கி’, ‘வொண்டர்ஃபுல் லேண்ட்’, ‘டான்ஸ் ஆன்’, ‘ஃபுட் டாப்பர்’ ஆகிய நான்கும் 1961 முதல் 1963 வரை அதே முதலிடத்தை எட்டின.

ஷேடோஸ் என்றால் நிழல்கள். அந்தக் கிட்டாரைக் கேட்டவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். ஒவ்வொரு சுரமும் வெண்கல மணியைத் தட்டியதுபோல் தெளிவாக எழுகிறது. அதன் பின்னாலேயே அதன் நிழல்போல எதிரொலி நடந்து வருகிறது. நீண்ட சுரம் ஓய்கிற இடத்தில் மெல்லிய நடுக்கம் ஒன்று இருக்கிறது. இரைச்சல் இல்லை, அவசரம் இல்லை. இதைத்தான் “பிறவி வரம்” என்கிறார்கள். வரமா, வகையா என்று பிரித்துப் பார்ப்போம்.

கம்பியும் கையும்

நம் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர் அனைவரும் சுரமானி வைத்துச் சோதனை செய்திருக்கிறோம். கம்பியின் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகிய மூன்றும் அதிர்வெண்ணை முடிவு செய்யும் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். கிட்டார் என்பது ஆறு கம்பி பூட்டிய சுரமானியே. மார்வின் வாசித்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் கம்பியின் அதிரும் நீளம் சுமார் 64.8 சென்டிமீட்டர்.

இன்று கடையில் கிடைக்கும் மெல்லிய கம்பிக் கட்டில் முதற்கம்பி ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர் விட்டம் உடையது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் வழக்கில் இருந்தவை தடித்த கம்பிகள். 0.33 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். நிறை விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம் அல்லவா? அப்படியானால் அதே நீளத்தில் அதே சுரத்தை எழுப்பத் தடித்த கம்பிக்கு இருமடங்குக்கும் சற்று மேலான இழுவிசை வேண்டும். விறைப்பான, கனத்த கம்பி மீட்டும்போது தளும்பாது. சுரம் நிமிர்ந்து நிற்கும். பழைய ஒலியின் “உடல்” என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இங்கேயே வந்துவிட்டது.

அடுத்தது மீட்டும் இடம். கம்பியின் நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் எழுவதில்லை. ஒலி உருண்டு மழுங்கி வரும். பாலத்தை நெருங்க நெருங்க மேற்சுரங்கள் கூடும். ஒலி கூர்மையாகி மின்னும். மார்வின் பெரும்பாலும் பாலத்தை ஒட்டிய பகுதியில் மீட்டினார். அங்கே இருக்கும் காந்தச் சுருளிலிருந்தே ஒலியை எடுத்தார். காந்தத்தைச் சுற்றி மயிரினும் மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று சுற்றியிருக்கும். எஃகுக் கம்பி அதன்மேல் அதிரும்போது மின்காந்தத் தூண்டலால் மின்னோட்டம் பிறக்கிறது. பாரடே கண்டது வேறு எதை?

சுருளிலிருந்து ஒலிப்பெருக்கிக்குப் போகும் வயர்கூடச் சும்மா இருப்பதில்லை. அதற்கு ஒரு மின்தேக்குதிறன் உண்டு. வயர் நீண்டால் உச்ச அதிர்வெண்கள் குறைகின்றன. ஒரே கிட்டார், ஒரே கை. வயரை மாற்றினாலும் குரல் மாறுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஞானதிருஷ்டி வேண்டியதில்லை. இரண்டு வயர்களும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

சுரத்தின் முடிவில் வரும் நடுக்கம் எங்கிருந்து வருகிறது? ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பாலத்தில் ஒரு கோல் பொருத்தப்பட்டிருக்கிறது. அதை அழுத்தினால் எல்லாக் கம்பிகளின் இழுவிசையும் சற்றுத் தளரும், விட்டால் மீளும். மார்வின் அக்கோலை உள்ளங்கையில் அணைத்தபடியே மீட்டினார். வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் தருவதைப் பார்த்த நமக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

எதிரொலியின் கணக்கு

இனி அந்த நிழலுக்கு வருவோம். நம் கல்லூரியின் நீண்ட தாழ்வாரத்தில் சுவரிலிருந்து 17 மீட்டர் தள்ளி நின்று கைதட்டுங்கள். ஒலி போய்வர 34 மீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஆகவே பத்தில் ஒரு பங்கு வினாடியில் எதிரொலி திரும்பும். கிட்டார்க்காரர் போகும் மேடைக்கெல்லாம் சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அந்தச் சுவரைத்தான் ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள்.

மார்வின் பயன்படுத்தியது இத்தாலியில் செய்யப்பட்ட மியாட்ஸி எக்கோமாட்டிக் என்ற கருவி. ஜோ பிரவுன் என்ற மற்றொரு கிட்டார்க் கலைஞரிடமிருந்து அது அவருக்கு வந்தது. உள்ளே காந்த நாடா சுழல்கிறது. ஒரு தலை ஒலியைப் பதிகிறது. சற்றுத் தள்ளி இருக்கும் வேறு தலைகள் அதைப் படிக்கின்றன. இடைவெளித் தூரத்தை நாடாவின் வேகத்தால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது, தலைகளுக்கிடையே 5 சென்டிமீட்டர் என்று கணக்குக்காக வைத்துக் கொண்டால் தாமதம் 0.13 வினாடி. பத்தாம் வகுப்பு மாணவன் போடும் கணக்கு!

இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. படிக்கும் தலைகள் பல. அவற்றை வெவ்வேறாகத் தெரிவு செய்யலாம். ஆகவே திரும்பி வருவது ஒரே எதிரொலியன்று. ஒன்றன்மேல் ஒன்று தாவி, மெட்டின் தாளத்தோடு கைகோத்து வரும் எதிரொலிகள். இது முதல் நுட்பம். ஒவ்வொரு முறை நாடாவைக் கடக்கும்போதும் உச்ச அதிர்வெண்கள் சிறிது தேய்கின்றன. நாடா துளி தள்ளாடுவதால் சுரமும் துளி அசைகிறது. நிழல் உருவத்தை விட மங்கலாய், கொஞ்சம் ஆடியபடி வருகிறது. இது இரண்டாவது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு வெறுமனே எதிரொலியை மட்டும் கூட்டினால் பழைய ஒலி வராது. பாழடைந்த மண்டபத்தின் ஒலிதான் வரும்.

எங்கள் ஊரில் மைக்செட் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். விடுதித் தோழனின் கிட்டாரை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவருடைய பழைய கலவைப் பெட்டியில் எதிரொலித் திருகு ஒன்று உண்டு. நான் அதைத் திருகத் திருக அவர் சொன்னார்: “தம்பி, எக்கோ வருதுன்னு காதுக்குத் தெரியக்கூடாது. நிறுத்தினா மட்டும் ஏதோ குறையுதேன்னு தெரியணும்.” அந்த ஒரு வாக்கியத்தில் பாடம் முழுவதும் இருந்தது. பின்பு கைப்பேசியில் ஓர் இலவச மென்பொருளில் பழைய பதிவுகளை அலைவடிவமாக விரித்துப் பார்த்தேன். தாளமும் மற்றக் கிட்டாரும் ஓய்ந்து ஒற்றைச் சுரம் மட்டும் நிற்கும் இடங்களில் முதல் மேட்டுக்குப் பின் சிறிய மேடுகள் வரிசையாகத் தெரிந்தன. இடைவெளிகளை மில்லி வினாடியில் அளந்து நோட்டில் குறித்தேன். யாருடைய ரத்தத்தையும் சோதிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆக்கியவர்கள் யார்?

சரி, இந்த ஒலியை முதலில் ஆக்கியவர்களாவது பரம்பரைக் கலைஞர்களா? பார்ப்போம்.

மார்வினும் வெல்ச்சும் நியூகாசில் என்ற தொழில் நகரத்துப் பள்ளித் தோழர்கள். 1958இல் பதினாறு வயதில் ஒரு போட்டிக்காக லண்டன் வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்கள் தொடங்கியது ‘ஸ்கிஃபில்’ என்ற இசையில். அது துணி துவைக்கும் பலகையைத் தேய்த்துத் தாளம் போட்டு, தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கோலும் கயிறும் கட்டி அடிநாதம் எழுப்பிய ஏழைப் பிள்ளைகளின் இசை.

வென்ச்சர்ஸ் குழுவைத் தொடங்கிய டான் வில்சனும் பாப் போகிளும் கட்டட வேலை செய்தவர்கள். வாஷிங்டன் மாநிலத்து டக்கோமா நகரம் அவர்களுடைய தளம். 1960இல் அவர்களுடைய ‘வாக், டோன்ட் ரன்’ அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடம் வரை ஏறியது. முதலில் அந்த ரிக்கார்டு வெளிவந்தது வில்சனின் தாயார் ஜோசி வில்சனோடு சேர்ந்து அவர்களே தொடங்கிய சிறு நிறுவனத்தின் பெயரில்.

டுவேன் எடியின் கதை இன்னும் சுவையானது. 1958இல் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் அவர் வாசித்த ஒலிப்பதிவுக் கூடத்தில் எதிரொலி அறை இல்லை. தயாரிப்பாளர் லீ ஹேசில்வுட் என்ன செய்தார்? ஏறத்தாழ 7,500 லிட்டர் கொள்ளும் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றை வாங்கிக் கூடத்துக்கு வெளியே வைத்தார். தொட்டியின் ஒரு முனையில் ஒலிப்பெருக்கி, மறுமுனையில் மைக். கிட்டாரின் ஒலி தொட்டிக்குள் போய் முழங்கித் திரும்பியது. அந்த முழக்கம் உலகப் புகழ் பெற்றது. கிணற்றுக்குள் தலையை நீட்டிக் கூவிப் பார்த்த கிராமத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் இந்த அறிவியல் தெரியும்.

இவர்கள் எல்லாரும் கிடைத்ததைக் கொண்டு செய்து பார்த்தவர்கள். இரவல் எதிரொலிப் பெட்டியும், காலித் தொட்டியும், தாயின் துணையும் அவர்களுக்கு மூலதனம். பரம்பரை என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை.

பணத்தின் பங்கு

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது அறிவியல் மாணவனுக்கு அழகன்று. பணத்துக்கும் இக்கதையில் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டாலர்ப் பற்றாக்குறையால் அமெரிக்கப் பொருள்களின் இறக்குமதியை இங்கிலாந்து கட்டுப்படுத்தியிருந்தது. அமெரிக்கக் கிட்டார் 1959 வரை அங்கே தாராளமாகக் கிடைக்கவில்லை. மார்வினின் சிவந்த நிற ஸ்ட்ராட்டோகாஸ்டரை அந்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து தருவித்தவர் பாடகர் கிளிஃப் ரிச்சர்டு. அவருக்குப் பின்னணி வாசித்த குழுவே ஷேடோஸ். கிளிஃப் ரிச்சர்டு 1940இல் நம் நாட்டு லக்னோவில் பிறந்தவர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அவர் வாங்கித் தராவிட்டால் மார்வின் திறமை எவ்வளவு இருந்தும் அந்தக் கருவி அவர் கைக்கு வந்திராது.

ஒலிப்பெருக்கியும் அப்படியே. டார்ட்ஃபோர்டு என்ற ஊரில் ஜென்னிங்ஸ் நிறுவனம் செய்த வாக்ஸ் ஒலிப்பெருக்கிகளை வடிவமைத்தவர் டிக் டென்னி. முதலில் 15 வாட். மேடைகள் பெரிதாகி, ரசிகர்களின் கூச்சலும் பெருக, 30 வாட் வந்தது. நான்கு ஆற்றல் வால்வுகளும், 12 அங்குல ஒலிபரப்பிகள் இரண்டும் கொண்ட அந்தப் பெட்டி இன்றும் பலருக்குக் கனவுப் பொருள். அந்தக் காலத்து மூலக் கிட்டார்களோ இன்று பல லட்சம் ரூபாய் விலை போகின்றன.

கருவியே வேண்டாம், கை மட்டும் போதும் என்று ஏழையிடம் உபதேசம் செய்வது எளிது. அது உண்மையன்று. நல்ல கருவி வேண்டும். ஆனால் அந்தக் கருவி எந்த அளவுக்கு, எதற்காக வேண்டும் என்பதை அளந்து தெரிந்துகொண்டால் லட்சத்தில் ஒரு பங்குச் செலவில் வேலை முடியும். பழைய எதிரொலிக் கருவிகளின் தலை இடைவெளிகளையும் தேய்மானத்தையும் ஆர்வலர்கள் பலர் பொறுமையாக அளந்திருக்கிறார்கள். அந்த எண்களைச் சிறிய எண்முறைக் கருவிகளுக்குள் ஏற்றி மற்றவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் இதற்கென்றே கூடி வாசிக்கும் மன்றங்கள் உள்ளன. அளந்தவர் தாம் அளந்ததை ஒளித்து வைத்திருந்தால் இது மீண்டும் சிலருடைய குலவித்தையாக மாறியிருக்கும். எழுதி வைத்ததால் எல்லாருக்கும் பொதுவாயிற்று.

நகல் இழிவா?

“எவனோ ஒருவன் அறுபது ஆண்டுகளுக்கு முன் வாசித்ததை அச்சு அசலாகத் திரும்ப வாசிப்பதில் என்ன பெருமை? கிளிப்பிள்ளை வேலை அல்லவா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான வினா. விடை சொல்ல வேண்டியது என் கடமை.

வேதியியல் ஆய்வகத்தில் நாம் செய்யும் சோதனைகளில் எது புதியது? எல்லாம் முன்னோர் செய்தவை. நூறு முறை செய்யப்பட்டதை நூற்றொன்றாவது முறை செய்கிறோம். அதே விடை நம் கையிலும் வருகிறதா என்று பார்க்கிறோம். வராதபோது, ஏன் வரவில்லை என்று தேடும் இடத்தில்தான் படிப்பு தொடங்குகிறது. ஒலியை மீட்டெடுக்கும் முயற்சியும் இதே வகை. கேட்ட ஒலிக்கும் நாம் எழுப்பிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் காது கண்டுபிடிக்கிறது. அந்த வேறுபாட்டின் காரணத்தை மனம் தேடுகிறது. கிளிப்பிள்ளைக்குக் காரணம் தேவையில்லை, நமக்குத் தேவை.

நகல் எடுத்தவர்கள் நகலாகவே முடிந்துவிடவில்லை என்பதற்கும் வரலாறு சான்று. 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், இன்னும் பெயர் பெறாத பீட்டில்ஸ் குழு ஷேடோஸின் பாணியில் ஒரு சொல்லற்ற மெட்டைப் பதிவு செய்தது. ஜார்ஜ் ஹாரிசனும் ஜான் லெனனும் அமைத்த அதன் பெயர் ‘க்ரை ஃபார் எ ஷேடோ’. ஜப்பானில் 1965ஆம் ஆண்டு வென்ச்சர்ஸ் சுற்றுப்பயணத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அந்த ஒலியைப் பின்பற்றத் தொடங்கினர். அந்த அலையில் புகழ் பெற்ற தேராவுச்சி தாகேஷி, மின் கிட்டாரில் தம் நாட்டின் நாட்டுப்புற மெட்டுகளையே வாசித்தார். பிறருடைய ஒலியை நுணுகிக் கற்றவனுக்குத் தன் ஒலி எது என்பதும் தெரிய வருகிறது.

தந்தை தந்தது

“எல்லாம் அளந்தாயிற்று. ஆனாலும் அதே கருவியை நீ வாசித்தால் மார்வின் ஆகிவிடுவாயா?” என்று கேட்கலாம். ஆக மாட்டேன். கருவிகள் எல்லாம் சரியாக அமைந்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது, எங்கே மென்மையாக விரலை எடுப்பது, எப்போது வாசிக்காமல் இருப்பது என்ற பக்குவம் அது. அதைக் கை என்கிறார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கை என்பது பிறந்த கையா, பழகிய கையா?

இந்த இடத்தில் பிரையன் மே என்பவரை நினைக்கிறேன். ‘குயின்’ குழுவின் கிட்டார்க் கலைஞர். ஷேடோஸ் இசையின் ரசிகர். 1963இல் பள்ளி மாணவனாக இருந்தபோது கிட்டார் வாங்க வசதியில்லாமல், தந்தையுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒரு மின் கிட்டார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்பு மேடையின் மரக்கட்டை அதன் கழுத்தாயிற்று. பழைய மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள் அதன் நடுக்கக் கோலுக்கு உதவின. உலகின் பெருமேடைகளில் அவர் வாசித்தது அந்தக் கிட்டாரையே. அவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 2007இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

இதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, ஒரு சிறு வலியும் வந்தது. அவருடைய தந்தை மின்னணுத் துறையில் பணியாற்றியவர். மகன் சுருள் சுற்றும்போது அருகிலிருந்து சொல்லித் தர அவரால் முடிந்தது. என் தந்தையால் அது முடியாது. “அப்படியானால் பரம்பரைதானே வென்றது?” என்று கேட்கத் தோன்றும்.

நிதானமாக எண்ணிப் பார்த்தேன். அந்தத் தந்தை மகனுக்குக் கொடுத்தது என்ன? ரம்பம், அளவுகோல், செம்புக் கம்பி, இப்படிச் செய்து பார் என்ற சொல், பிழைத்தால் மறுபடி செய் என்ற பொறுமை. இவற்றில் எது ரத்தத்தின் வழியே வந்தது? எல்லாம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கொடுத்து வாங்கியவை. கொடுத்து வாங்கக் கூடியதை எவரும் எவருக்கும் கொடுக்கலாம். மகனாய்ப் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மைக்செட் அண்ணன் எனக்கு எந்த உறவு? பரம்பரை என்று உலகம் சொல்வதில் பெரும்பகுதி, வீட்டுக்குள் நடந்த வகுப்புதான். அந்த வகுப்பு நடக்காத வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் அரசு இதுபோன்ற கல்லூரிகளைக் கட்டியது.

என் தந்தைக்கு நான் குறையேதும் சொல்லவில்லை. கனத்த மூட்டையை எந்தக் கோணத்தில் முதுகில் ஏற்றினால் இடுப்பு தாங்கும் என்பதை அவர் அறிவார். பொருள்மையம் என்ற சொல்லை மட்டும்தான் அவர் அறியமாட்டார். அந்த அறிவு அவருக்கும் பிறவியில் வந்ததன்று. அதையும் ஒருவர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஒரு வேண்டுகோள்

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இது. நம் ஆய்வகத்தில் சுரமானி இருக்கிறது. காந்தமும் செம்புக் கம்பியும் இருக்கின்றன. அலைவடிவத்தைக் காட்டும் கருவி இருக்கிறது. முத்தமிழ் மன்றத்தில் பறையும் ஆர்மோனியமும் இருக்கின்றன. விடுதியில் கிட்டார் ஒன்றும் இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை இவற்றை ஒரே மேசைக்குக் கொண்டு வரக்கூடாதா? கிட்டார் கம்பியின் தடிமனை மாற்றினால் குரல் எப்படி மாறுகிறது, பறையைத் தீயில் காய்ச்சியதும் அதன் அதிர்வெண் எவ்வளவு ஏறுகிறது என்று நாமே அளந்து பார்க்கலாம். அளந்ததை அடுத்த ஆண்டு மாணவர்களுக்காக எழுதி வைக்கலாம். ஷேடோஸ் ஒலியை அளந்து எழுதிய ஆர்வலர்கள் அந்த ஒலிக்குச் செய்ததை நம் ஊர் ஒலிகளுக்கு நாம் செய்யலாம். அதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஒரு மேசையும், ஒரு பதிவேடும், சாவியைத் தர மனமுள்ள ஓர் ஆசிரியரும் போதும்.

அடுத்த ஆண்டு இக்கல்லூரிக்குள் நுழையும் தம்பி தங்கையரில் பலர் என்னைப் போலவே முதல் தலைமுறையினராக இருப்பார்கள். கிட்டாரோ, கணிதமோ, எதுவானாலும் ஆவலோடு கேட்டு வருவார்கள். அவர்களிடம் “உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா?” என்று கேட்க வேண்டாம். கம்பியை எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். மீட்டிப் பார்க்கட்டும். ஒலி வரும். சரியாக வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அவர்களோடு சேர்ந்து தேடுவோம்.